அகராதி - ஒரு சொல் வந்த வழி

'அகராதி' என்ற சொல் நம் ஊர்களில் இரண்டு இடங்களில் காதில் விழுகிறது. ஒன்று பள்ளிக்கூடம். "பொருள் தெரியாவிட்டால் அகராதியைப் பார்" என்கிறார் ஆசிரியர். மற்றொன்று தெருச் சண்டை. "சரியான அகராதி பிடித்தவன், யார் சொல்லையும் கேட்க மாட்டான்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். முதல் இடத்தில் அது அறிவு தரும் நூல். இரண்டாம் இடத்தில் அது ஒரு மனிதனின் திமிருக்குப் பெயர். ஒரே சொல்லுக்கு எதிரெதிரான இந்த இரண்டு வாழ்க்கை எப்படி வந்தது? இந்தச் சொல் வந்த வழியில் இத்தாலியிலும் போர்த்துக்கல்லிலும் பிறந்த குருக்கள் சிலரையும் நாம் சந்திக்கிறோம். நாம் ஆலயத்தில் சொல்லும் செபங்களோடும் இதற்குத் தொடர்பு உண்டு.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பொருள் எளிது. அகரம் + ஆதி = அகராதி. அகரம் என்பது 'அ' என்ற எழுத்து. ஆதி என்பது தொடக்கம். 'அ' என்ற எழுத்தைத் தொடக்கமாகக் கொண்டது அகராதி, அவ்வளவுதான். 'சொல்' என்றோ 'பொருள்' என்றோ 'அறிவு' என்றோ அந்தப் பெயரில் எதுவும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாமல், எந்த வரிசையில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும் பெயர் இது. வியப்பாக இருந்தாலும், இந்த நூலில் புதுமை என்று முன்னோர் கண்டது அந்த வரிசையைத்தான்.

அகரத்தையும் ஆதியையும் சேர்த்து நினைப்பது தமிழருக்குப் பழைய பழக்கம். திருக்குறளின் முதல் குறளிலேயே அகரம், முதல், ஆதி ஆகிய மூன்று சொற்களும் அருகருகே வந்துவிடுகின்றன. 'அகராதி', 'அகரமுதலி' என்ற இரண்டு பெயர்களுக்கும் வேண்டிய சொற்கள் அந்த ஒரு குறளுக்குள் இருக்கின்றன. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. திருவெளிப்பாட்டு நூலில் ஆண்டவர் தம்மை கிரேக்க நெடுங்கணக்கின் முதல் எழுத்தாகவும் கடைசி எழுத்தாகவும் அறிவிக்கிறார் (காண். திவெ 1:8, 21:6, 22:13). பழைய மொழிபெயர்ப்பு சிலவற்றில் 'அல்பா', 'ஓமெகா' என்ற கிரேக்கப் பெயர்களே இருந்தன. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அவற்றை அகரம், னகரம் என்று தமிழாக்கியது. தமிழ் நெடுங்கணக்கு 'அ'வில் தொடங்கி 'ன'வில் முடிகிறது. நெடுங்கணக்கின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் பார்த்தால் மொழிபெயர்ப்பாளர்கள் என்ன நினைத்தார்கள் என்பது விளங்கும்.

அகராதிக்கு முன்: நிகண்டு

அகராதி என்ற பெயர் வருவதற்கு முன்பே தமிழில் சொற்பொருள் நூல்கள் இருந்தன. அவற்றுக்கு 'நிகண்டு' என்று பெயர். இது வடசொல். வேதங்களில் வரும் சொற்களைத் தொகுத்த பட்டியலை வடமொழியில் நிகண்டு என்றார்கள். அதற்கு யாஸ்கர் எழுதிய விளக்கமே நிருக்தம். தமிழில் இவ்வகை நூல்களுக்கு 'உரிச்சொல்' என்ற பெயரும் வழங்கியது. தொல்காப்பியத்தின் உரியியலே அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் பகுதிதானே. மலையாளத்திலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இன்றுவரை அகராதிக்கு நிகண்டு என்ற பெயரே வழங்குகிறது. தமிழ் மட்டும் வேறு பெயருக்கு மாறிவிட்டது.

தமிழ் நிகண்டுகளில் மிகப் பழையது திவாகரம். அடுத்துப் பிங்கலம். பிற்காலத்தில் மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பாடநூலாகவே இருந்தது. திவாகரத்தில் 12 தொகுதிகள் உண்டு. தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று பொருள்வாரியாகப் பத்துத் தொகுதிகள். பதினொன்றாவது, ஒரு சொல்லுக்குப் பல பொருள். பன்னிரண்டாவது, பல பொருள்கள் சேர்ந்த கூட்டத்துக்கு ஒரு பெயர். இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

நிகண்டு செய்யுளில் அமைந்தது. ஏனென்றால் அது மனப்பாடம் செய்வதற்கான நூல். மாணவன் ஆசிரியர் முன் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாகப் பாராமல் ஒப்பித்தான். ஏட்டுச் சுவடி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அதில் ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல. மரத்தின் பெயரா, விலங்கின் பெயரா என்பது முன்பே தெரிந்தால்தான் எந்தத் தொகுதியில் தேடுவது என்பதே தெரியும். பொருள் தெரியாத சொல்லின் பொருளை அறிய அதன் பொருள் தெரிந்திருக்க வேண்டும்! எனவே நிகண்டைப் பயன்படுத்தியவர் அதை முழுவதும் நெஞ்சில் ஏற்றியவராகவே இருந்தார். ஆசிரியர் வாய்த்தவருக்கு அது பெரிய செல்வம். ஆசிரியர் வாய்க்காதவருக்கு அது பூட்டிய கதவு.

கி.பி. 1594இல் சிதம்பரம் இரேவண சித்தர் இந்தக் கதவைச் சற்றுத் திறந்தார். அவர் இயற்றிய நூலுக்கு 'அகராதி நிகண்டு' என்று பெயர். சொற்களைப் பொருள்வாரியாக அன்றி முதலெழுத்து வாரியாக அடுக்கினார். 'அ'வில் தொடங்கும் சொற்கள் ஒரு பக்கம், 'ஆ'வில் தொடங்குபவை அடுத்த பக்கம் என்று போகும். முதல் எழுத்து மட்டுமே வரிசை. இரண்டாம், மூன்றாம் எழுத்துகளுக்கு ஒழுங்கு இல்லை. நூலும் செய்யுள்தான். இருந்தாலும் தமிழில் 'அகராதி' என்ற பெயரைத் தாங்கி வந்த முதல் சொற்பொருள் நூல் அதுவே. அந்தப் பெயரை ஐரோப்பியக் குருக்கள் உண்டாக்கினார்கள் என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியல்ல. பெயர் சிதம்பரத்துச் சைவப் பெரியவர் ஒருவருடையது.

ஆசிரியர் இல்லாமல் வந்தவர்கள்

இனி நம் குருக்களின் பங்கு. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபை அருள்பணி என்ரிக்கே என்ரிக்கஸ், தமிழைக் கற்கும் ஐரோப்பியருக்காக இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல்களில் ஒன்று. தமிழ் அச்சின் வரலாறு ஒரு செபப் புத்தகத்தோடு தொடங்குகிறது என்பதை நம் மக்கள் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அகராதி அச்சின் வரலாறும் அதே குடும்பத்தில்தான் தொடங்குகிறது என்பது அவ்வளவாகத் தெரியாது.

மதுரை மறைத்தளத்தில் பணியாற்றிய அந்தாம் தெ புரோயென்சா என்ற போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு, தமிழ்ச் சொற்களுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் பொருள் கூறும் அகராதி ஒன்றைத் தொகுத்தார். 16,000க்கும் மேற்பட்ட சொற்கள். புலவர்களின் சொற்கள் மட்டுமல்ல, சந்தையிலும் வயலிலும் வீட்டிலும் மக்கள் பேசிய சொற்களும் அதில் உண்டு. நிகண்டுகள் கண்டுகொள்ளாத சொற்கள் அவை. அருளடையாளம் கேட்டு வரும் உழவரின் பேச்சு புரிய வேண்டிய ஒருவருக்குச் செய்யுள் வழக்கு மட்டும் போதுமா? அவர் 1666இல் இறந்துவிட்டார். தம் நூல் அச்சேறியதை அவர் பார்க்கவில்லை. 13 ஆண்டுகள் கழித்து 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அது அச்சிடப்பட்டது. தமிழில் அச்சான முதல் அகராதி இதுவே.

பிறகு அந்த நூல் ஏறத்தாழ மறைந்தே போனது. அறியப்பட்ட ஒரே படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கரம்பொனில் வேரூன்றியவரும் தூத்துக்குடி மறைமாவட்டக் குருவுமான தனிநாயகம் அடிகளார் அதை அங்கே கண்டு, 1966இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக உள்ளது உள்ளபடியே படியெடுத்து வெளியிட்டார். முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்த அதே ஊர், அதே ஆண்டு. ஒரு குரு தொகுத்ததை 300 ஆண்டுகளுக்குப் பிறகு மற்றொரு குரு மீட்டுக் கொடுத்தார்.

அடுத்து வந்தவர் நாம் நன்கு அறிந்தவர். கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி, 1680 நவம்பர் 8இல் இத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்த வீரமாமுனிவர். ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையையும் கோனான்குப்பம் பெரியநாயகி அன்னையையும் அறிந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தேம்பாவணியைப் பாடியவர் என்பதால் அவரைக் கவிஞராகவே பெரும்பாலும் நினைக்கிறோம். என் எண்ணத்தில், தேம்பாவணியைவிடவும் நாள்தோறும் நமக்குப் பயன்படுவது அவர் 1732இல் முடித்த சதுரகராதி. தேம்பாவணியைப் படித்தவர் சிலர். ஆனால் தமிழில் அகராதி பார்க்கிற ஒவ்வொருவரும் சதுரகராதி காட்டிய வழியில்தான் விரலை நகர்த்துகிறார்கள்.

'சதுர்' என்றால் நான்கு. நான்கு அகராதிகள் சேர்ந்தது சதுரகராதி. முதலாவது பெயரகராதி: ஒரு சொல்லைச் சொல்லி அதன் பல பொருள்களைத் தரும். இரண்டாவது பொருளகராதி: ஒரு பொருளைச் சொல்லி அதற்குரிய பல பெயர்களைத் தரும். மூன்றாவது தொகையகராதி: இருசுடர், முக்கனி, ஐம்பொறி என்று எண்ணோடு வழங்கும் தொகைகளை விரித்துச் சொல்லும். நான்காவது தொடையகராதி: பாட்டு எழுதுவோருக்கு எதுகைச் சொற்களை அடுக்கித் தரும்.

திவாகரத்தின் அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னதன் காரணம் இதுதான். திவாகரத்தின் முதல் பத்துத் தொகுதிகள் செய்ததைப் பொருளகராதி செய்கிறது. பதினொன்றாம் தொகுதி பெயரகராதி ஆகிறது. பன்னிரண்டாம் தொகுதி தொகையகராதி. சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதி எதுகை வரிசையில் அமைந்தது. அதன் வழியில் வருகிறது தொடையகராதி. ஐரோப்பாவிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அதற்குள் தமிழை அடைத்தவரல்லர் வீரமாமுனிவர். தமிழ்ப் புலவர்கள் வைத்திருந்த நான்கு அறைகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அறைக்கும் வெளியாள் நுழையக்கூடிய வாசலை வைத்தார். அந்த வாசல்தான் முழுமையான அகரவரிசை. முதல் எழுத்து மட்டுமல்ல, இரண்டாம், மூன்றாம் எழுத்துகளும் வரிசைப்படி வரும். செய்யுளையும் விட்டுவிட்டார். மனப்பாடம் தேவையில்லை; எழுத்து தெரிந்தால் போதும்.

அகரவரிசைக்கு ஒரு தடையும் இருந்தது. ஓலைச்சுவடியில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரிவதில்லை. புள்ளியால் அவற்றைப் பிரிக்க வேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்பதால் எழுதுவோர் அதை விட்டுவிடுவார்கள். 'எரி'யா 'ஏரி'யா, 'கொடு'வா 'கோடு'வா என்பதை இடம் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். தமிழ் தெரிந்தவருக்கு இது தொல்லையில்லை. புதிதாகக் கற்பவருக்கும், எழுத்து வரிசையில் சொல்லை அடுக்குபவருக்கும் பெரிய தொல்லை. இன்று நாம் ஏகாரத்துக்குக் கீழே இழுக்கும் கோடும், ஓகாரத்துக்குக் கீழே போடும் சுழியும், 'கே', 'கோ' முதலியவற்றில் வரும் இரட்டைச் சுழிக் கொம்பும் வீரமாமுனிவர் செய்த திருத்தம் எனத் தமிழுலகம் போற்றுகிறது.

வீரமாமுனிவர் 1747இல் இறந்தார். சதுரகராதி 1824இல்தான் சென்னையில் அச்சேறியது. அதுவரை அது ஏட்டிலும் தாளிலும் படியெடுத்துப் பரவியது. அவர் பிறந்த நவம்பர் 8ஆம் நாளைத் தமிழ்நாட்டு அரசு தமிழ் அகராதியியல் நாளாகக் கொண்டாடுகிறது.

மேற்கில் இதே சொல்

ஆங்கிலத்தில் வழங்கும் 'டிக்ஷனரி' என்ற சொல் இலத்தீனிலிருந்து வந்தது. 'திச்சேரே' என்றால் சொல்லுதல். 'திக்சியோ' என்றால் சொல். ஏறத்தாழ 1220இல் பாரிசில் கற்பித்த கார்லந்து ஊர் ஜான் என்ற ஆசிரியர், மாணவர்களுக்காகத் தொகுத்த சொற்பட்டியலுக்கு 'திக்சியோனாரியுஸ்' என்று பெயரிட்டார். சுவையான செய்தி என்னவென்றால், அது அகரவரிசையில் இல்லை. நம் நிகண்டைப் போலவே பொருள்வாரியாக அமைந்தது. நம் பங்குகளில் மூத்தவர்கள் நற்கருணை ஆசீரை 'பெனடிக்ஷன்' என்று சொல்லக் கேட்டிருப்போம். அதுவும் இதே வேரிலிருந்து வந்த சொல்தான். 'பெனே' நன்றாக, 'திச்சேரே' சொல்லுதல். நல்லது சொல்லுதலே ஆசி கூறுதல். பெனடிக்ட் என்ற பெயர் தமிழில் ஆசீர்வாதம் ஆனது இதனால்தான்.

மேற்கிலும் அகரவரிசை தானாக வந்துவிடவில்லை. ஜெனோவாவைச் சேர்ந்த தொமினிக்கன் சபைத் துறவி ஜொவான்னி பால்பி 1286இல் 'கத்தோலிக்கோன்' என்ற பெரிய இலத்தீன் அகராதியை முடித்தார். சொற்களை எழுத்து வரிசையில் அடுக்கியதால், எந்தச் சொல் எதற்கு முன் வரும், ஏன் வரும் என்பதை அவர் வாசகருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. 'அ'வுக்குப் பிறகு 'ஆ' என்பது நமக்கு இப்போது மூச்சு விடுவது போல. அன்று அது கற்பிக்க வேண்டிய புதுமை. அந்த நூல் 1460இல் மைன்சு நகரில் அச்சானது. கூட்டன்பர்க் விவிலியம் அச்சாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1502இல் அகுஸ்தினார் சபைத் துறவி அம்புரோஜியோ கலெப்பினோ வெளியிட்ட இலத்தீன் அகராதி எவ்வளவு புகழ் பெற்றதென்றால், அவர் பெயரே அகராதிக்குப் பெயராகிவிட்டது. பிரெஞ்சு மொழியில் 'கலெப்பேன்' என்றால் இன்று சிறு குறிப்பேடு.

'குளோசரி' என்பது கிரேக்கத்தில் நாக்கைக் குறிக்கும் 'குளோசா' என்பதிலிருந்து வந்தது. பெந்தக்கோஸ்து நாளில் தோன்றிய நெருப்பு நாவுகளுக்குத் திருத்தூதர் பணிகள் நூல் பயன்படுத்துவதும் இதே சொல்லைத்தான் (காண். திப 2:3). பள்ளிப் பாடத்தின் முடிவில் 'அருஞ்சொற்பொருள்' என்று ஒரு பகுதி வருமே, அதுதான் குளோசரி. மடங்களில் துறவியர் இலத்தீன் நூல்களின் ஓரங்களில் கடினமான சொல்லுக்குத் தம் மொழியில் பொருள் எழுதி வைத்தார்கள். அப்படிச் சேர்ந்த ஓரக் குறிப்புகளிலிருந்தே ஐரோப்பாவின் பல அகராதிகள் பிறந்தன.

அகராதி பிடித்தவன்

இனி அந்தத் தெருச் சண்டைக்கு வருவோம். அறிவு நூலின் பெயர் எப்படி வசவு ஆனது? இதற்கு எழுத்தில் சான்று தேடுவது கடினம். பேச்சு வழக்கு தன் பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொள்வதில்லை. ஆனால் போக்கை ஊகிக்கலாம். நிகண்டு கற்றவன் ஆசிரியருக்கு அடங்கிக் கற்றவன். அகராதி பார்ப்பவன் தானே தேடிக்கொள்பவன். "எல்லாம் எனக்குத் தெரியும், உன்னிடம் ஏன் கேட்க வேண்டும்" என்ற தோரணை அவனிடம் இருப்பதாகப் பிறருக்குத் தோன்றியிருக்கலாம். எதிர்த்துப் பேசும் மருமகளும், சொல் கேட்காத பிள்ளையும், கூட்டத்தில் சட்டம் பேசுபவரும் அகராதி பிடித்தவர்கள் ஆனார்கள். இதில் ஓர் அநியாயமும் உண்டு. கேள்வி கேட்கிற ஏழையையும் பெண்ணையும் வாயடைக்கவே இந்தச் சொல் பெரும்பாலும் பயன்படுகிறது. பங்குப் பேரவைக் கூட்டத்தில் கணக்குக் கேட்பவருக்கும் இந்தப் பட்டம் கிடைப்பதுண்டு.

ஆனால் உண்மையில் அகராதியைத் தொகுத்தவர்கள் எப்படிப்பட்டவர்கள்? மொழி தெரியாதவர்கள். தெரியாது என்று ஒப்புக்கொண்டவர்கள். படகோட்டியிடமும் கோவில் பிள்ளையிடமும் "இதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டு எழுதியவர்கள். ஐரோப்பாவில் படித்துப் பட்டம் பெற்ற ஒரு குரு, சிறு பிள்ளையைப் போல 'அ'வில் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் புனித கால் மடத்து நூலகத்தில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இலத்தீன்-ஜெர்மன் சொற்பொருள் ஏடு ஒன்று இருக்கிறது. ஜெர்மன் மொழியில் இன்று எஞ்சியுள்ள நூல்களில் மிகப் பழையது அது. அகரவரிசையில் முதலில் நிற்கும் சொல்லால் அந்த ஏட்டை 'அப்ரோகான்ஸ்' என்று அழைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அதில் எழுதியுள்ள பொருள்: தாழ்ச்சியுள்ளவன்.

பிற்காலத்து அகராதிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அகராதிகள் பெருகின. 1842இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ்-தமிழ் அகராதி வந்தது. பாரிசு மறைபரப்புச் சபைக் குருக்களான முசே, துய்புய் இருவரும் புதுச்சேரியில் தமிழ்-பிரெஞ்சு அகராதியை 1855லும் 1862லும் இரு தொகுதிகளாக வெளியிட்டார்கள். அமெரிக்க மறைப்பணியாளர் வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862இல் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகப் பேரகராதியை வெளியிட்டது. 1939இல் இணைப்புத் தொகுதி வந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உண்டு.

'அகராதி'யில் உள்ள 'ஆதி' வடசொல் என்பதால், அதே பொருளில் 'அகரமுதலி' என்ற சொல்லை வழங்கினார்கள் தனித்தமிழ் அன்பர்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த தேவநேயப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய திட்டத்தின் நூலுக்குச் 'செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலி' என்றே பெயர். பாவாணர் 1981இல் இறந்தார். முதல் பகுதி 1985இல் வெளிவந்தது. பெயர் மாறினாலும் பொருள் மாறவில்லை. 'அ' முதலில் நிற்கிறது.

நம் செபங்களில் உள்ள சொற்கள்

இவ்வளவும் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. வின்சுலோ அகராதியைப் புரட்டினால் சில சொற்களுக்கு அருகே 'உரோமன் கத்தோலிக்கர் வழக்கு' என்ற குறிப்பு வரும். நம் முன்னோருக்கென்று தனிச் சொற்கள் இருந்தன என்பதற்கு அது சாட்சி. அவற்றுள் பல இன்று 70, 80 வயது தாண்டியவர்களின் வாயில் மட்டுமே வாழ்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. அருள் நிறைந்த மரியே என்று நாம் இன்று சொல்லும் செபத்தின் பழைய வடிவத்தில் 'அருள்' என்ற சொல் இல்லை. 'பிரியதத்தம்' என்ற சொல் இருந்தது. மூத்தவர்கள் அதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பொருள் கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. பிரியம் என்றால் அன்பு. தத்தம் என்றால் கொடுக்கப்பட்டது. தத்துப் பிள்ளை என்பதில் உள்ள 'தத்து'வும் இதுதான். அன்பினால் கொடுக்கப்பட்டது பிரியதத்தம். கடவுளின் அருளை இதைவிடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. பின்பு மறைக்கல்வி நூல்களில் 'இஷ்டப்பிரசாதம்' என்ற சொல் வந்தது. இப்போது 'அருள்'. மூன்றும் நல்ல சொற்களே. ஆனால் முதல் சொல்லுக்குப் பொருள் தெரியாமலேயே அது மறைந்து போவது இழப்பு.

இன்னொன்று, 'தேவதிரவிய அனுமானம்'. இன்று அருளடையாளம் அல்லது அருட்சாதனம் என்கிறோம். பழைய சொல் வாயில் நுழையவில்லை என்று சிரிப்பவர்கள் உண்டு. அதைப் பிரித்துப் பார்த்தவர் சிரிக்க மாட்டார். தேவதிரவியம் என்பது இறைவனின் செல்வம். அனுமானம் என்பது தருக்க நூலில் வரும் சொல்: கண்ணால் காணும் புகையைக் கொண்டு காணாத நெருப்பு உண்டு என்று அறிவது. காணும் அடையாளத்தால் காணாத இறைச் செல்வத்தை அறியவைப்பது தேவதிரவிய அனுமானம். திருமுழுக்கின் தண்ணீரும், உறுதிபூசுதலின் எண்ணெயும், நற்கருணையின் அப்பமும் எதற்கு என்ற மறைக்கல்வி அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

வானதூதரை நம் பாட்டிமார் 'சம்மனசு' என்றார்கள். காவல் சம்மனசைக் கூப்பிட்டுப் பிள்ளைகளை உறங்க வைத்தார்கள். தூய ஆவியை 'இஸ்பிரீத்து சாந்து' என்றார்கள். அது போர்த்துக்கீசியச் சொல் தமிழ் நாக்குக்கு இசைந்த வடிவம். 'குருசு' அதே மொழியிலிருந்து வந்தது; குருசடி என்ற பெயரில் இன்னும் தெருமுனைகளில் நிற்கிறது. 'சிலுவை' சிரியாக் மொழியிலிருந்து வந்தது. 'பாதிரியார்' என்பதில் உள்ள 'பாத்ரே' தந்தை. குமரி மாவட்டத்தில் ஒப்புரவை இன்றும் 'கும்பசாரம்' என்பவர்கள் இருக்கிறார்கள். பிற இடங்களில் மூத்தவர்கள் 'பாவசங்கீர்த்தனம்' என்பார்கள். பூசை திருப்பலி ஆனதும், ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆனதும், ஆதியாகமம் தொடக்கநூல் ஆனதும் நம் காலத்திலேயே நடந்தவை. மாற்றம் வேண்டாம் என்பதல்ல. வழிபாடு மக்களுக்குப் புரிய வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் விரும்பியது. புதிய சொற்கள் அதற்காகவே வந்தன. ஆனால் அன்று பேரப்பிள்ளைக்குப் புரியாதது பாட்டியின் செபம். அதைப் புரியவைக்க யாரும் அகராதி எழுதவில்லை.

தவக்காலத்தில் சில பங்குகளில் பழைய ஒப்பாரிப் பாடல்களும், இலங்கைப் பங்குகளில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கமும் இன்றும் பாடவும் படிக்கவும் படுகின்றன. பாஸ்கு நாடகம் நடக்கும் ஊர்களில் கையெழுத்துப் பிரதிகள் பெட்டியில் கிடக்கின்றன. இத்தகைய சொல்லைக் கேட்கும் மறைக்கல்வி ஆசிரியர்களும் இளையோரும் அதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். சொல்லை மட்டும் எழுதினால் போதாது. எந்தச் செபத்தில் அல்லது பாட்டில் வருகிறது, சொன்னவர் எந்த ஊர்க்காரர், அவர் என்ன பொருள் என்று நினைக்கிறார், எந்த ஆண்டு எழுதப்பட்டது ஆகியவையும் வேண்டும். ஒலி திருத்த வேண்டாம். அவர் 'இஸ்பிரீத்து' என்றால் அப்படியே, 'சம்மனசு' என்றால் அப்படியே. பிறகு பேரகராதியிலும் வின்சுலோவிலும் ஒத்துப் பார்க்கலாம். இரண்டையும் இணையத்தில் இலவசமாகத் தேட முடிகிறது. அவற்றில் கிடைக்காத சொல் இருந்தால், அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.